செனட்டில் 53 பேர் இருந்தும் குடியரசுக் கட்சி ஏன் ஃபிலிபஸ்டரை ஒழிக்கவில்லை?

கேள்வி: அதிபர் பதவி, பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் குடியரசுக் கட்சியிடம் இருக்கின்றன. செனட்டில் 100க்கு 53 பேர். அப்புறம் ஏன் 60 வாக்கு வேண்டும் என்கிறார்கள்? ட்ரம்ப் கேட்டபடி ஃபிலிபஸ்டரைத் தூக்கிவிட வேண்டியதுதானே?

பதில்:

தூக்க முடியும். ஒரே மதியத்தில் முடிகிற வேலை அது. ஆனால் தூக்கக் கூடாது. ஒரு வலதுசாரியாக இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். நம் பக்கம் நிற்கிற பலருக்கு இது எரிச்சலூட்டும் என்று தெரியும். அதனால் அந்த 60 எங்கிருந்து வருகிறது, அது இல்லாமலே என்னென்ன செய்யலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மசோதா நிறைவேற 51 வாக்கு போதும். 60 தேவைப்படுவது விவாதத்தை முடித்துக்கொள்ள. செனட்டில் பேச்சுக்கு நேர வரம்பு கிடையாது. விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்து, வாக்கெடுப்பையே தடுப்பதுதான் ஃபிலிபஸ்டர். 1917ல், உட்ரோ வில்சன் காலத்தில், 22ஆம் விதியைக் கொண்டுவந்து, வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் விவாதத்தை முடிக்கலாம் என்றார்கள். இதற்குப் பெயர் குளோச்சர். 1975ல் அதை மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60, என்று மாற்றினார்கள். "மொத்த உறுப்பினர்களில்" என்பதைக் கவனியுங்கள். எதிர்க்கட்சிக்காரர் வந்து எதிர்த்து வாக்களிக்கக்கூட வேண்டாம், வீட்டில் இருந்தாலே போதும். 60 பேரைச் சேர்க்கிற பாரம் முழுக்க ஆளும் தரப்பின் தலையில்தான்.

நடைமுறை இப்படிப் போகும். 16 பேர் கையெழுத்திட்டு மனு கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு வேலை நாள் விட வேண்டும். திங்கட்கிழமை கொடுத்தால் புதன்கிழமை வாக்கெடுப்பு. 60 கிடைத்துவிட்டாலும் அதற்குமேல் 30 மணி நேரம் வரை விவாதம் நீளலாம். மசோதாவை எடுத்துக்கொள்வதா என்ற தீர்மானத்துக்கு ஒருமுறை, மசோதாவுக்கே இன்னொரு முறை என்று இதை இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும். எதிர்ப்பவர்கள் விட்டுக்கொடுக்காவிட்டால் ஒரே மசோதாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் போய்விடும். செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவருக்குக் கையில் இருக்கிற நேரமே குறைவு என்பதால் இந்தத் தாமதமே ஒரு ஆயுதம்.

"அப்படியானால் நின்று பேச வைக்கலாமே, எத்தனை நாள்தான் பேசுவார்கள்?" என்று குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீ போன்றவர்கள் கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு இடிக்கிறது. 19ஆம் விதிப்படி ஒரு சட்டமன்ற நாளில் ஒரு விஷயத்தின் மேல் ஓர் உறுப்பினர் இரண்டு முறைதான் பேசலாம். சபையை ஒத்திவைக்காமல் இடைவேளை மட்டும் விட்டுக்கொண்டே போனால் அந்த "நாள்" வாரக்கணக்கில் நீளும். எதிர்த்தரப்பின் 47 பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் 94 பேச்சு, அதோடு தீர்ந்தது என்பது கணக்கு. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் புதிய விஷயம். ஒரு திருத்தம் கொண்டுவந்ததும் எல்லாருக்கும் மறுபடி இரண்டு பேச்சு கிடைக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் கோரம், அதாவது சபை நடக்க இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. எதிர்ப்பவர்களில் ஒருவர் மட்டும் சபையில் உட்கார்ந்துகொண்டு, கோரம் இல்லை என்று நள்ளிரவு இரண்டு மணிக்குச் சொன்னால், 51 பேரை எழுப்பிக் கூட்டி வர வேண்டியது பெரும்பான்மைக் கட்சி. சளைக்கப்போவது எழுபது வயதைத் தாண்டிய குடியரசுக் கட்சி உறுப்பினர்கள்தான். திருத்தங்களைச் சாதாரணப் பெரும்பான்மையால் தள்ளிவிடலாம், உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுப்பு வேண்டும். ஏதாவது ஒன்றில் நான்கு குடியரசுக் கட்சியினர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் 47 என்பது 51 ஆகி, அந்தத் திருத்தம் மசோதாவுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். நம் மசோதாவை நாமே எதிர்க்க வேண்டிய நிலை வரும்.

இனி 51லேயே முடிகிற வேலைகள். இவை கொஞ்சமல்ல. நீதிபதிகள், அமைச்சர்கள், அதிகாரிகள் நியமனம் எல்லாம் 51தான். 1996ஆம் ஆண்டின் காங்கிரஸ் மறுஆய்வுச் சட்டப்படி, ஒரு துறை புதிதாகப் போட்ட விதியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் 51 வாக்கில் ரத்து செய்யலாம். ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில் 16 விதிகள் இப்படிப் போயின. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒதுக்கிய பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அதிபர் கேட்கலாம், 45 நாளுக்குள் 51 வாக்கு போதும். 2025 ஜூலையில் ஏறக்குறைய 900 கோடி டாலர் இப்படித்தான் வெட்டப்பட்டது. வெளிநாட்டு உதவியோடு, பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரும் அதில் அடக்கம். செனட்டில் 51-48. பல்லாண்டுகளாக மேடையில் மட்டும் பேசப்பட்ட வெட்டு அது. ஃபிலிபஸ்டர் அதைத் தடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வழி ரிகன்சிலியேஷன் என்ற பட்ஜெட் நடைமுறை. முதலில் ஒரு பட்ஜெட் தீர்மானம், அதில் எந்தக் குழு வரியையோ செலவையோ எவ்வளவு கூட்ட வேண்டும் அல்லது குறைக்க வேண்டும் என்ற உத்தரவு, பிறகு 20 மணி நேர விவாதம், இரவு முழுக்கத் திருத்த வாக்கெடுப்புகள், கடைசியில் 51. ட்ரம்ப்பின் வரி, செலவு மசோதாவான "ஒரு பெரிய அழகான மசோதா" 2025 ஜூலை 1 அன்று 50-50 என்று வந்து, துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் வாக்கில் தப்பியது இந்த வழியில்தான். ஆனால் பர்ட் விதி என்று ஒன்று இருக்கிறது. பட்ஜெட்டில் மாற்றம் உண்டாக்காத எதுவும் உள்ளே வரக் கூடாது. மாற்றம் வெறும் பக்கவிளைவாக வந்து, நோக்கம் கொள்கையாக இருந்தாலும் கூடாது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைத் தொடக் கூடாது. பட்ஜெட் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டக் கூடாது. மீறினால் அந்தப் பகுதிக்கு மட்டும் 60 வேண்டும். எது மீறல் என்று ஆலோசனை சொல்பவர் செனட்டின் பார்லிமென்டேரியன். 2012 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் எலிசபெத் மக்டோனா.

துப்பாக்கிச் சத்தக் குறைப்பான் விவகாரத்தில் இது எப்படி வெட்டும் என்று பார்க்கலாம். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் அதற்கு 200 டாலர் வரியும், மத்திய அரசுப் பதிவும் வைத்தது. வரியையும் எடுத்து, பதிவுப் பட்டியலிலிருந்தும் நீக்குவதுதான் 2025ல் திட்டம். அந்தப் பதிவே வரி வசூலுக்காக வந்தது, வரி போனால் பதிவும் போக வேண்டும் என்பது நம் பக்க வாதம். 1937ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை வரிச் சட்டம் என்ற முறையில்தான் செல்லும் என்றது, எனவே வாதத்தில் சத்து உண்டு. பார்லிமென்டேரியன் ஏற்கவில்லை. வரியை மாற்றுவது பட்ஜெட், பதிவை நீக்குவது கொள்கை என்றார். முடிவில் 2026 ஜனவரி 1 முதல் வரி பூஜ்யம், பதிவுப் படிவம் அப்படியே. துப்பாக்கி உரிமை அமைப்புகள் அதே வாதத்தோடு நீதிமன்றம் போயின. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இதே விதிதான் 2021 பிப்ரவரியில் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலியைப் பைடனின் மசோதாவிலிருந்து வெளியே தள்ளியது. அன்று கைதட்டினோம்.

இந்த இடத்தில் ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். 2017 வரிக் குறைப்பில் தனிநபர் பகுதி 2025 இறுதியில் காலாவதி ஆகும்படி எழுதப்பட்டதற்குப் பர்ட் விதிதான் காரணம். 2025ல் "தற்போதைய கொள்கை" என்ற கணக்கை அடிப்படையாக வைத்து, அதை நீட்டிப்பதால் பற்றாக்குறையே கூடாது என்று காட்டி, நிரந்தரமாக்கினார்கள். வரி குறைந்தது நல்லது. கணக்குப் போட்ட விதம் நல்லதல்ல. அடுத்து வரும் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை ஒரு செலவுத் திட்டத்தை ஓராண்டுக்குத் தொடங்கி, மறு ஆண்டு இதே கணக்கில் நிரந்தரமாக்கலாம்.

ஃபிலிபஸ்டரை ஒழிப்பது எப்படி? விதியை முறைப்படி திருத்துவதென்றால், அந்த விவாதத்தை முடிக்கவே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதனால் யாரும் விதியைத் தொடுவதில்லை. 2013 நவம்பர் 21 அன்று, அப்போதைய ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் செய்ததைப் பாருங்கள். எழுந்து, உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்குக் குளோச்சர் சாதாரணப் பெரும்பான்மையில் போதும் என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். விதியில் 60 என்று இருக்கிறது. தலைமை வகித்த பேட்ரிக் லேஹி வேறு வழியில்லாமல் அதை மறுத்தார். ரீட் மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டை முடிவு செய்ய 51 போதும். 52-48ல் லேஹியின் தீர்ப்பு கவிழ்ந்தது. விதியில் ஓர் எழுத்து மாறவில்லை, பொருள் தலைகீழானது. நீங்கள் இதற்காக வருந்துவீர்கள் என்று குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் அன்றே எச்சரித்தார். 2017 ஏப்ரலில் அதையே உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டினார். ட்ரம்ப் நியமித்த நீதிபதிகள் வென்ற வாக்குகள்: கோர்சச் 54-45, கவனா 50-48, பேரட் 52-48. மூவரில் ஒருவரும் 60ஐத் தொடவில்லை.

இதைக் காட்டித்தான் சிலர், பாருங்கள், ஒழித்ததால் நமக்கு லாபம்தானே என்கிறார்கள். நியமனம் வேறு, சட்டம் வேறு. சட்டத்தில் 60 இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு 2021ஐப் பார்த்தால் போதும். ஆட்சி ஜனநாயகக் கட்சியிடம், செனட் 50-50. மாநிலங்களின் தேர்தல் விதிகளை வாஷிங்டனிலிருந்து எழுதும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 220-210ல் நிறைவேறியது. தொழிற்சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 25க்கும் மேற்பட்ட மாநிலங்கள் வைத்திருந்த சட்டங்களை முறியடிக்கும் மசோதா 225-206. வாஷிங்டன் டி.சி.யை மாநிலமாக்கும் மசோதா 216-208. மூன்றும் செனட்டில் நின்றன. 2022 ஜனவரி 19 அன்று தேர்தல் மசோதாவுக்காக ஃபிலிபஸ்டரில் விலக்கு கேட்டபோது 48-52ல் தோற்றது. ஜோ மான்ச்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் தங்கள் ஜனநாயகக் கட்சியையே எதிர்த்ததுதான் காரணம்.

ஃபிலிபஸ்டர் இனவெறியின் மிச்சம் என்று இடதுசாரிகள் சொல்வதற்கும் பதில் இருக்கிறது. 1957ல் ஸ்ட்ராம் தர்மண்ட், அப்போது ஜனநாயகக் கட்சிக்காரர், கறுப்பினத்தவரின் உரிமைகளுக்கான குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். அது கறைதான், மறைக்க வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கான குளோச்சர் 71-29ல் வென்றபோது 33 குடியரசுக் கட்சியினரில் 27 பேர் ஆதரித்தார்கள். இரு கட்சியும் சேர்ந்து செய்ததால்தான் அந்தச் சட்டத்தைப் பிறகு யாராலும் அசைக்க முடியவில்லை.

53 பேரை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியவில்லையே என்ற ஆதங்கம் எனக்குப் புரிகிறது. வாக்காளர் குடியுரிமைச் சான்று காட்ட வேண்டும் என்ற மசோதா 2025 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் 220-208ல் நிறைவேறியும் 60 என்ற சுவர் முன்னால் நிற்கிறது. ஆனால் நம் தோல்விகளுக்கெல்லாம் ஃபிலிபஸ்டரைக் குற்றம் சொல்ல முடியாது. 2017 ஜூலை 28 அன்று, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரின் நீக்கம் 49-51ல் விழுந்தது. அது ரிகன்சிலியேஷன், 60 என்ற பேச்சே அங்கு இல்லை. எதிர்த்து வாக்களித்து அதைக் கவிழ்த்த மெக்கெய்ன், காலின்ஸ், முர்கோவ்ஸ்கி மூவரும் நம் கட்சிதான். அதிலிருந்து கற்க வேண்டியது மாற்றுத் திட்டத்தை முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது.

செலவு மசோதா நிறைவேறாததால் வந்த அரசு முடக்கத்தையும் பாருங்கள். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள். நடுவில், அக்டோபர் 30 அன்று, ட்ரம்ப் ஃபிலிபஸ்டரை ஒழிக்கச் சொன்னார். செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஜான் தூன் மறுத்தார். கடைசியில் எதிர்த்தரப்பிலிருந்து எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள், 60-40. தூன் தன் நிலையில் நின்றதால், விதியும் தப்பியது, அரசும் திறந்தது. செப்டம்பரில் இதே தூன்தான், நியமனங்களைத் தொகுதி தொகுதியாக எடுக்க முன்னுதாரணத்தை மாற்றி, 48 பேரை ஒரே வாக்கில் உறுதிப்படுத்தினார். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றுதான்: மான்ச்சினும் சினிமாவும் போய்விட்டார்கள், அடுத்த முறை ஜனநாயகக் கட்சி எப்படியும் ஒழிக்கும், நாம் முந்திக்கொள்வோம் என்பது. நடக்கக்கூடியதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் இரு பக்கமும் 51ல் செய்யக்கூடியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாம் ஒரு வாக்காளர் அடையாளச் சட்டம் போடலாம். அவர்கள் வந்த முதல் வாரத்தில் 51ல் அதை ரத்து செய்யலாம். அவர்கள் டி.சி.யை மாநிலமாக்கினால் இரண்டு செனட்டர்கள் நிரந்தரமாகச் சேருவார்கள். சேர்ந்த மாநிலத்தை வெளியேற்ற அரசமைப்பில் வழியே இல்லை. உச்ச நீதிமன்றத்தில் இருக்கைகளைக் கூட்டுவதும் சாதாரணச் சட்டம்தான், 1869 முதல் ஒன்பது என்று இருப்பதும் அப்படி ஒரு சட்டத்தால்தான். முந்திக்கொள்வதால் நமக்குக் கிடைப்பது அடுத்த தேர்தல் வரைக்குமான சட்டங்கள். அவர்களுக்கோ, முதல் கல்லை எறிந்தோம் என்ற பழிகூட இல்லாமல் கதவு திறந்து கிடக்கும்.

அதனால் தூன் செய்ய வேண்டியது, ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் தீர்மானத்தை முன்கூட்டியே முடித்து ரிகன்சிலியேஷனைத் தயாராக வைத்திருப்பது. பார்லிமென்டேரியனிடம் போகும் முன்பே பர்ட் விதிக்குத் தாங்கும்படி வாசகத்தை எழுத வரிச் சட்ட நிபுணர்களை உட்கார வைக்க வேண்டும். பணத்தைத் திரும்ப எடுக்கும் தீர்மானங்களை ஜூலையோடு நிறுத்தாமல் தொடர வேண்டும். வாக்காளர் அடையாளம் போன்ற மக்கள் ஆதரவு உள்ள விஷயங்களைத் தனி மசோதாவாக, சின்னதாக, ஜனநாயகக் கட்சியில் கடினமான மாநிலங்களில் நிற்பவர்கள் "வேண்டாம்" என்று பதிவு செய்ய வேண்டிய நேரத்தில், திரும்பத் திரும்ப வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் 60க்கு எத்தனை குறைகிறது, யார் குறுக்கே நின்றார் என்பது பெயரோடு பதிவாகும். நவம்பர் தேர்தலில் செனட் வேட்பாளர்கள் தூக்கிக் காட்ட வேண்டிய பட்டியல் அதுதான்.