ஆற்றோரக் குடியிருப்பில் வெள்ளத்தைத் தடுக்கச் சுற்றுச்சுவர் போதாதா? மண்மேடு, புல்தரை எல்லாம் எதற்கு?

நீங்களும் ஆற்றோரத்தில்தான் இருக்கிறீர்கள் போல. சுவர் போதாது. பட்டுத்தான் சொல்கிறேன்.

எங்களுடையது சேலத்தில் திருமணிமுத்தாற்றை ஒட்டிய வாரியக் குடியிருப்பு, தரைத்தள வீடு. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், சேலம் 300கூட இல்லை. மலையில் பெய்தது ஊருக்குள் இறங்க நேரமே ஆகாது. எங்கள் சுவர் ஆற்றைத் தடுத்தது உண்மை. ஆனால் மொட்டை மாடிகளிலிருந்து இறங்கிய மழையும், சாக்கடைக் குழாயில் எதிர்த்து ஏறிய தண்ணீரும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. ஆறு வடிந்தும் எங்கள் வாசல் வடியவில்லை. கடைசியில் சுவரை ஓரிடத்தில் இடித்துத்தான் தண்ணீரை வெளியேற்றினோம். மோட்டாரும் மூழ்கிவிட்டது, அப்புறம் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். முன்பு பிளாக்குகளுக்கு நடுவே மண்தரை இருந்தது. அழகாக இருக்கும் என்று அதையும் பேவர் பிளாக் போட்டு மூடிவிட்டார்கள், தண்ணீர் மண்ணில் இறங்கவும் வழியில்லை.

நியூயார்க்கில் ரெட் ஹூக் என்ற அரசுக் குடியிருப்பு 2012-இல் சாண்டி புயலில் மூழ்கி, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. பிறகு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள முற்றங்களைப் புல் மேடுகளாக உயர்த்தும் வேலையை எடுத்தார்கள். வெள்ளத்துக்கு அது தடுப்பு, மற்ற நாளில் பிள்ளைகள் விளையாடும் இடம். மின் கருவிகளையும் வெள்ளமட்டத்துக்கு மேலே ஏற்றினார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டியதில் அங்குள்ளவர்களுக்குக் கோபம். நியாயமான கோபம்.

அது கடல் வெள்ளம், இது மழை வெள்ளம் என்பீர்கள். சரி, அதனால்தான் இங்கே மேட்டோடு பள்ளமும் வேண்டும் என்கிறேன். முற்றத்தின் நடுவில் தோண்டுகிற மண்ணையே கரைப்பக்கம் மேடாக்கி வெட்டிவேர், புங்கன் வைக்கலாம். உள்ளே பெய்வது பள்ளத்தில் நிற்கும். ஆறு இறங்கியதும், ஆற்றுப்பக்கம் மட்டுமே திறக்கும் மடல் வைத்த குழாய் வழியாக வெளியேறும். நம்மால் ஆகாத வேலையா இது? மூக்கனேரியில் தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே தீவுகளாக்கி மரம் நட்ட ஊர் இது.

"ஆற்றில் வீடு கட்டிவிட்டு அழுதால் எப்படி" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: இடத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, ஒதுக்கிய வீட்டுக்கு வந்தோம்.

உங்கள் குடியிருப்பில் சுவருக்கு அளவெடுக்க வந்தால், உள்ளே பெய்யும் மழை எந்த வழியாக வெளியே போகும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். மோட்டார் எந்த உயரத்தில் இருக்கும் என்றும் கேளுங்கள்.