தாழ்ப்பாளைக் கழற்றியது யார்?

கேள்வி: என் மகனுக்குக் குழந்தை பிறந்து 70 நாள் ஆகிறது. சிசேரியன். மருமகளுக்கு அம்மா இல்லாததால் பிரசவத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். பூண்டு, பால்சுறா, முருங்கைக்கீரை என்று ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் மூன்று வாரம் பால் கொடுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டால் திறக்க ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளை பார்க்க வந்த சொந்தபந்தம் கூடத்தில் காத்துக் கிடக்கும். அதனால் மகனிடம் சொல்லி உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். இப்போது ‘பால் வரல, கொடுக்கவும் பிடிக்கல’ என்று டப்பா பாலுக்கு மாறிவிட்டாள். ஒரு டப்பா நாலு நாள்கூட வருவதில்லை. அழகு போய்விடும் என்றுதான் இந்தக் காலத்துப் பெண்கள் இப்படிச் செய்கிறார்கள் என்கிறார்கள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: பால்சுறாவுக்கு ஒரு வரி, டப்பா செலவுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நடுவில், போகிற போக்கில், ஒரு தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுப் போகிறீர்கள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அந்த அறைக்குள் வாருங்கள், அம்மா. வயிற்றில் தையல் இன்னும் இழுக்கிறது. நைட்டியின் ஜிப்பைத் திறந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தியிருக்கிறாள். காம்பு வெடித்திருக்கும், பிள்ளை வாய் வைக்கிற முதல் அரை நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது கதவு திறக்கிறது. யாரோ ஒரு பெரியப்பா. ‘அடடா, பசியாத்துறியாம்மா’ என்று பாதி உடம்பை உள்ளே விட்டுக் கேட்கிறார். அவள் துண்டை இழுத்துப் போர்த்துகிறாள். பிள்ளையின் வாய் நழுவுகிறது. அழுகை. ‘பால் பத்தலையோ?’ என்று கூடத்திலிருந்து ஒரு குரல். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடந்தது? நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். அவள் எண்ணியிருப்பாள்.

பால் சுரப்பது வேறு, இறங்குவது வேறு. பிள்ளை சப்பச் சப்ப புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்க வைக்கிறது. சுரந்த பாலைக் காம்புக்குத் தள்ளிவிடுவது ஆக்ஸிடோசின். அது கூச்சத்துக்கும் பயத்துக்கும் கட்டுப்பட்டது. யார் வருவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, மார்பு நிறையப் பால் இருந்தாலும் இறங்காது. இறங்காத பால் கட்டிக்கொள்ளும், வலிக்கும், காய்ச்சல்கூட வரும். பால் எடுக்கப்படாத மார்பு நாளடைவில் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ‘பால் வரல’ என்று அவள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் எத்தனை கிலோ பூண்டு உரித்துப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

2015-இல் தமிழ்நாடு அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. ஊர் பேர் தெரியாத பெண்ணுக்குக்கூட, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் பேத்தியைப் பெற்றவளுக்குச் சொந்த வீட்டில் அது இல்லாமல் போனது.

என் மாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். எனக்குத் தலைப்பிரசவம் ஆனபோது அறை வாசலில் முறத்தோடு உட்கார்ந்துகொள்வார். அரிசி புடைப்பதுபோல் இருக்கும், ஆனால் காவல். என் சொந்த அண்ணன் வந்தபோதுகூட, ‘புள்ள பசியாறுது, காப்பி குடிச்சுட்டு இரு’ என்று திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். மாமியாரின் கடமை என்று எனக்குத் தெரிந்தது அந்த முறம்தான்.

தாய் இல்லாத பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாய்வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கதவைச் சாத்திவிட்டு அவள் அம்மா வெளியே நின்றிருப்பாள். பிரசவம் பார்க்கிறேன் என்று பொறுப்பெடுத்தபோது அந்த இடத்தையும் சேர்த்துத்தான் எடுத்தீர்கள்.

அழகு விஷயத்தை ஊர் வாயிலிருந்து அப்படியே வாங்கி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மருமகள் அப்படிச் சொன்னதாக ஒரு வரி இல்லை. மார்பின் வடிவம் மாறுவது கர்ப்ப காலத்திலேயே நடந்துவிடுகிறது. இத்தனை வருடத்தில் பால் கொடுப்பதை நிறுத்திய எத்தனையோ பெண்களின் கடிதங்களைப் படித்திருக்கிறேன். வலி, தூக்கமின்மை, சாப்பிடும் மாத்திரை, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள், ‘உனக்குப் பால் இல்லை’ என்று வீடே சேர்ந்து சொன்ன சொல். தன் உடம்பை யாரும் தொடுவதையே தாங்க முடியாத பெண்களும் இருக்கிறார்கள்; அதற்கான காரணத்தை அவர்கள் நம்மிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்கவே ஓரிரு நாள் கூடுதலாக ஆகலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்.

தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முதல் 6 மாதம் அது மட்டுமே போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. உங்கள் மருமகளுக்கும் அது தெரியும். ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்று பால் பவுடர் டப்பாவின்மேல் அச்சிட வேண்டும் என 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடுராத்திரியில் கலக்கும்போதெல்லாம் அந்த வரி அவள் கையில்தான் இருக்கிறது. அதை நீங்களும் ஒருமுறை சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

எனக்குக் கவலை தருவது ‘பிடிக்கல’ என்ற அந்தச் சொல். அவள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, தனியாக அழுகிறாளா என்று பாருங்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது உண்டு. அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய்; திமிர் என்று பேர் வைக்காதீர்கள். டாக்டரிடம் அவள் கணவன் கூட்டிப் போகட்டும், நீங்கள் பேத்தியை வைத்துக்கொள்ளுங்கள். அவளே விரும்பினால், 70 நாளுக்குப் பிறகும் பிள்ளையை அடிக்கடி மார்பில் போட்டுப் பாலைத் திரும்பக் கொண்டுவர முடியும். விரும்பாவிட்டால் டப்பா பால்தான். நாலு நாள் ஐந்து நாளாகட்டும் என்று அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்க வேண்டாம், ஒரு வயதுவரை அதற்குப் பதிலாக மாட்டுப்பாலும் வேண்டாம்.

உங்கள் மகனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: சொன்னதும் கழற்றினான். பெண்டாட்டி உள்ளே இருக்க, அம்மா சொன்னதற்காக ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவனிடம் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட வேண்டாம். கழற்றியவனே இன்று சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு நல்ல தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டட்டும். உள்பக்கமாக, அவள் கட்டிலிலிருந்து எழாமலே கை எட்டுகிற இடத்தில்.