தலை குனிந்து நிற்பவன் பொய் சொல்கிறானா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். கடந்த மாதம் இரண்டு தடவை லாச்சியில் 5,000 ரூபாய் வரையில் குறைந்தது. படுவான்கரையிலிருந்து வந்து கடையில் வேலை செய்யும் 19 வயதுப் பொடியனிடம் கேட்டபோது, அவன் நிலத்தைப் பார்த்தபடி வாய் தடுமாறினான், மூக்கையும் தடவிக்கொண்டான். இவை பொய்யின் அறிகுறிகள் என்று யூடியூப்பில் பார்த்தேன். மத்தியானத்தில் லாச்சியைப் பார்த்துக்கொள்ளும் என் அண்ணனின் மகன், முகத்துக்கு நேரே பார்த்துத் தயங்காமல் பதில் சொன்னான். கடையில் ஆட்கள் நிற்கும்போதே கேட்டதால் கதை ஊருக்குள் பரவிவிட்டது. பொடியனை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதியிருக்கும் காரணத்துக்காக அவரை நிறுத்த வேண்டாம். பொய்யை முகத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை நம்மவரிடம் மட்டும் உள்ளதன்று; 58 நாடுகளில் கேட்டுப் பார்த்தபோதும், பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்பதே முதலிடம் பெற்ற பதில். ஆனால் உளவியலாளர்களான சார்ல்ஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 24,000க்கும் மேற்பட்டோர் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், பொய்யையும் உண்மையையும் மக்கள் சரியாகப் பிரித்தறிந்தது நூற்றுக்கு 54 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். பொய்யைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் அதில் மற்றவர்களை விஞ்சவில்லை. அதற்கு முன்னர், 2003இல், டிபாலோ குழுவினர் 158 அறிகுறிகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொய்யுடன் தொடர்பே இல்லை அல்லது மிகச் சொற்பமே என்று தெரிந்தது. பார்வையை விலக்குவதும் அப்படிப்பட்டதே.

பதற்றம் பொய்யனுக்கு மட்டும் வருவதில்லை. வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டு நிற்க, முதலாளி களவைப் பற்றிக் கேட்டால், எடுக்காதவனுக்கும் நாக்கு உலரும். அதிலும் மூத்தவர் அதட்டும்போது தலையைக் குனிந்து நிற்கவே நம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். அவர் நிமிர்ந்து உங்கள் கண்ணைப் பார்த்திருந்தால், திமிர் என்று எனக்கு எழுதியிருப்பீர்கள். உங்கள் அண்ணனின் மகன் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அத்தைக்கு முன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் நிற்கிறார் என்பதற்கு மேல் அந்த நேர்ப்பார்வையிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

ஆளைப் பார்ப்பதை விட்டு, சொல்வதைக் கேளுங்கள். அதற்கு முன்னர் கணக்கைப் பாருங்கள்: கடன் கொப்பியில் பதியாமல் போன சாமான் உண்டா, சரக்கு கொண்டுவந்த வாகனக்காரருக்கு லாச்சியிலிருந்து பில் இல்லாமல் காசு கொடுக்கப்பட்டதா, அந்த இரண்டு நாட்களிலும் லாச்சியைத் திறந்தவர்கள் யார் யார்? இதிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடக்கூடும்.

பிறகு கடை பூட்டிய பின் இருவரையும் தனித்தனியாக இருத்தி, குற்றஞ்சாட்டாமல், ஒரே மாதிரிக் கேளுங்கள். "அன்றைக்குக் கடை திறந்ததிலிருந்து நடந்ததை எல்லாம் சொல்லு மகன்" என்று தொடங்கி, இடையில் குறுக்கிடாமல் விடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை முதலிலேயே காட்டிவிடக் கூடாது. பிஸ்கட் வாகனம் வந்த நேரத்தில் அவர்தான் லாச்சியைத் திறந்தார் என்று உங்களுக்குத் தெரியுமென்றால், அதை அவராகச் சொல்கிறாரா என்று பாருங்கள். மறைக்க ஏதுமில்லாதவர் சொல்லிவிடுவார், மறைப்பவர் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகாமல் தவிர்ப்பார். உண்மை சொல்பவரின் கதையில் நீங்கள் போய் விசாரிக்கக்கூடிய விவரங்கள் வரும்: யார் வந்தார், யார் தொலைபேசியில் அழைத்தார், மிச்சக் காசு யாருக்குக் கொடுபட்டது. அதையே பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொன்னால், கட்டிய கதை தடுமாறும் என்று ஆய்வுகள் கூறுகின்றன; ஆயினும் களைத்த பொடியனும் தடுமாறுவான் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்று. "இல்லை, அது அதற்குப் பிறகு" என்று தன்னைத் தானே திருத்துவதையும், "அது நினைவில்லை" என்பதையும் நாம் உடனே சந்தேகிக்கிறோம். ஆனால் 2003ஆம் ஆண்டின் அதே ஆய்வில், இவை இரண்டும் பொய் சொன்னவர்களிடம் குறைவாகவே காணப்பட்டன.

நாளை முதல் லாச்சி கை மாறும் ஒவ்வொரு தடவையும் காசை இருவருமாக எண்ணி, கொப்பியில் எழுதிக் கையொப்பமிடட்டும். பொடியன் எடுக்கவில்லை என்று தெரிந்தால், அதையும் கடையில் ஆட்கள் நிற்கும்போதே சொல்லுங்கள்.