மையின் இரு பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடர்கதைகளையும் விறுவிறுப்பான வெகுஜன நாவல்களையும் படித்து வளர்ந்தவள் நான். நீர்மூழ்கிக் கப்பலை ராட்சதக் கணவாய்கள் சூழ்ந்துகொள்ளும் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. 12 வயதான என் மகனுக்கும் கணவாய் பிடிக்கும்; ஆனால் 'ஸ்பிளாட்டூன்' என்ற வீடியோ கேமில் வரும் கணவாய். புத்தகத்தைத் தொடுவதில்லை. கேட்டால், "இதிலும் கதை இருக்கிறது அம்மா" என்கிறான். வண்ண வண்ணமாக மை பீய்ச்சுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதையெல்லாம் கதை என்று சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் சொல்வதுதான் சரி. அந்த விளையாட்டில் கனமான கதையே இருக்கிறது. கடல்மட்டம் உயர்ந்து மனித இனம் அழிந்துபோகிறது. பிறகு கணவாய்கள் கரையேறி நகரத்தில் வாழ்கின்றன. 2015இல் வந்த முதல் பாகத்தில் இந்தப் பழங்கதை ஆங்காங்கே ஒளித்துவைத்த சுருள்களில்தான் கிடைக்கும். தேடி எடுத்துக் கோத்துக்கொள்ள வேண்டியது ஆடுபவரின் பொறுப்பு. அருகிலிருந்து பார்ப்பவருக்கு மை மட்டும்தான் தெரியும்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அந்த மைதான்.

நீங்கள் தூக்கம் தொலைத்தது பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்' என்ற கடலடிப் பயண நாவலால்தான் என்று நினைக்கிறேன். 1861இல் கானரித் தீவுகளுக்கு அருகே அலெக்டான் என்ற பிரெஞ்சுக் கப்பல் ஒரு ராட்சதக் கணவாயைக் கண்டது. சுட்டார்கள், ஈட்டி எறிந்தார்கள், சுருக்குக் கயிறு போட்டு இழுத்தார்கள். உடல் அறுந்து வால்பகுதிதான் மிஞ்சியது. வெர்ன் இந்தச் செய்தியை நாவலிலேயே பேசவைத்துவிட்டு, அதன்பின் சண்டையைத் தொடங்குகிறார். ஒரு மாலுமியைக் கணவாயின் கரம் தூக்கிப் பிடித்திருக்கிறது. காப்பாற்றப் பாய்கிறார்கள். அந்த நொடியில் அது கறுப்பு மையைப் பீய்ச்ச, எல்லோருக்கும் கண் மறைகிறது. மை விலகும்போது கணவாயும் இல்லை, மாலுமியும் இல்லை. மரணத்தைக் காட்டாமலே நம்மைப் பதறவைக்கிறார். வெகுஜன எழுத்தை இளக்காரமாகப் பேசுபவர்கள் இப்படி ஒரு பத்தியை எழுதிப் பார்க்கட்டும்.

இருந்தாலும் அது கப்பலின் மேல்தளத்தில் நிற்பவன் கண்ட மை. வெர்னைக் குறை சொல்ல மாட்டேன். உயிருள்ள ராட்சதக் கணவாயை அதன் வாழிடத்திலேயே முதன்முதலாகப் படமெடுத்தது 2004இல்தான். ஜப்பானின் ஓகசவாரா தீவுகளுக்கு அருகே, 900 மீட்டர் ஆழத்தில், குபோதெரா, மோரி என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் எடுத்தார்கள். ஆனால் வெர்னுக்குப் பின்வந்த கடல் திகில் கதைகளும் அதே தளத்தை விட்டு இறங்காமல் கணவாயை வெறும் கொலைகார விலங்காகவே எழுதிக்கொண்டிருந்தன. அது சோம்பல்.

உங்கள் மகனோ கணவாயாகவே ஆடுகிறான். தன் அணியின் மைக்குள் மூழ்கினால் வேகமாக நீந்தலாம், ஒளியலாம், தீர்ந்த மையும் நிரம்பும். எதிரணியின் மையில் அகப்பட்டால் நகரவே திணற வேண்டும். அவனுக்கு மை ஆயுதம், பாதை, மறைவிடம் எல்லாமே. உண்மையான கணவாய்கள் சிலவும் மையில் நிறையச் சளி கலந்து, ஏறக்குறையத் தம் உடலளவுக்கு ஓர் உருவத்தை நீரில் விட்டுவிடுகின்றன. எதிரி அந்தப் போலி உருவத்தைக் கவ்வப் போகும்போது, கணவாய் நிறம் வெளிறி வேறு பக்கம் நழுவிவிடுகிறது. துரத்தப்படும் பிராணியின் பக்கம் நின்று பார்த்தால்தான் இந்தத் தந்திரத்தின் அழகு புலப்படும். அந்த இடத்தில் உங்கள் மகனை நிறுத்தியதற்காகவே அந்த விளையாட்டை மதிக்கிறேன்.

ஆனால், அதில் வீழ்ந்தவர்கள் சில விநாடிகளில் மீண்டும் களத்துக்கு வந்துவிடுகிறார்கள். வெர்னின் மாலுமி வருவதில்லை. அவனை விழுங்கிய கடலைப் பார்த்தபடி நீர்மூழ்கியின் தலைவர் கேப்டன் நீமோ கண்ணீர் விடுகிறார். திரும்பி வராதவர்களுக்காக வருந்த நாவல்தான் என்னைப் பழக்கியது. உங்கள் மகனுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முதலில் அந்தச் சுருள்களை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கதையை அவன் வாயாலேயே கேளுங்கள். பிறகு வெர்னின் நாவலில் இரண்டாம் பாகத்தின் 18ஆம் அத்தியாயத்தை மட்டும் படிக்கக் கொடுங்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள். நீளமான மீன் பட்டியல்கள் அவனை விரட்டிவிடும். சுருக்கப் பதிப்பும் வேண்டாம்.