ஒற்றை மீசை மீனைத் தூக்கி எறியாதீர்கள்

கேள்வி: உறைந்த ஏரியில் துளையிட்டு, லேக் டிரவுட் என்ற மீனுக்காகத் தூண்டில் போட்டிருந்தேன். இருட்டிய பிறகு விலாங்கு போல ஒன்று ஏறியது. கொக்கியைக் கழற்றும்போது வாலால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. பயந்து பனியில் வீசிவிட்டேன். அது என்ன மீன்? அதையே குறிவைத்துப் பிடிக்க முடியுமா?

பதில்: நல்ல விருந்தை வீசியிருக்கிறீர்கள்! அது பர்பட். கடலில் வாழும் காட் மீனின் உறவு. அந்தக் கூட்டத்தில் முழுக்க நன்னீரிலேயே வாழ்வது இது ஒன்றுதான். வட அமெரிக்காவில் லிங் என்பார்கள், சிலர் 'வழக்கறிஞர்' என்றும் அழைக்கிறார்கள். வழுக்குவதாலா என்று கேட்காதீர்கள், எனக்கு வழக்கறிஞர் நண்பர்கள் உண்டு.

அடுத்த முறை முகவாயைப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு மீசை தொங்கினால் சந்தேகமே வேண்டாம். கெளுத்திக்கு மீசைகள் பல; விலாங்குக்கு மீசையும் இல்லை, வயிற்றுத் துடுப்பும் இல்லை. பர்பட்டின் வயிற்றுத் துடுப்புகள் ஏறத்தாழ தொண்டையிலேயே இருக்கும். முதுகில் முதல் துடுப்பு குட்டை, இரண்டாவது வால் வரை ஓடும். செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் புதைந்திருப்பதால் உடல் வழவழவென்று தெரியும்.

பிடிக்க வேண்டுமா? பகலில் மெனக்கெடாதீர்கள். இது இரவில் இரை தேடும் மீன். கோடையில் ஆழத்தில் பதுங்கிக் கிடக்கும்; மற்ற மீன்கள் சோம்பும் கடுங்குளிரில்தான் இதற்குச் சுறுசுறுப்பு. முட்டையிடுவதும் பனிக்கட்டிக்கு அடியில்தான். அப்போது சரளையும் மணலும் உள்ள ஆழம் குறைந்த மேடுகளுக்குக் கூட்டமாக வரும். மாலை மங்கும்முன் அப்படி ஒரு மேட்டின் சரிவில் துளையிடுங்கள். ஒளிரும் ஜிக்கில் (தலையில் கனம் வைத்த தூண்டில் கொக்கி) மீன் துண்டு ஒன்றைக் குத்தி அடிவரை இறக்குங்கள். தரையில் இரண்டு மூன்று முறை 'டொக் டொக்' என்று தட்டி, ஒரு சாண் தூக்கி அசையாமல் வையுங்கள். வெடுக்கென்று இழுக்காது; கனம் கூடியதுபோல் தெரியும், அப்போது தூக்குங்கள்.

விதிமுறையை முதலில் படியுங்கள். அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில், கூட்டனாய் ஆற்றில் அழிவின் விளிம்புக்குப் போனதால் 1992 இல் பிடிக்கத் தடை விதித்து, 2019 இல்தான் நீக்கினார்கள். யூட்டா மாநிலத்திலோ இது அத்துமீறி விடப்பட்ட மீன். அங்கே பிடித்ததைத் திரும்ப நீரில் விடக் கூடாது.

சமைப்பதற்குமுன் தோலை உரித்துவிடுங்கள். நாடாப்புழுவின் இளநிலைகள் இதன் சதையில் இருக்கலாம் என்பதால் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தொடாதீர்கள். உள்ளே 63 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேக வேண்டும். பெரிதாகக் கிடக்கும் ஈரலுக்கும் இதே விதிதான்.