பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? டிப்ளமோ முடித்த தங்கையை அனுப்பலாமா?

தங்கை இ.சி.இ. டிப்ளமோ முடித்திருக்கிறாள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே படிப்புதான், அதே வட்டாரம்தான். ஆபரேட்டராகச் சேர்ந்து இப்போது போர்டில் சின்னப் பாகங்களை மெஷின் பொருத்தும் எஸ்.எம்.டி. லைனில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாமே.

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் எந்த டிபார்ட்மென்ட், யார் ரோல் (யாருடைய சம்பளப் பட்டியல்) என்று இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே கேன்டீன். உள்ளே போனால் இந்த இரண்டும்தான் ஒருத்தியின் அடுத்த சில வருடங்களைத் தீர்மானிக்கும்.

புதிதாக வரும் பெண்களில் பெரும்பாலோரை அசெம்பிளியில்தான் போடுவார்கள். ஸ்க்ரூ போடுவது, கேமராவைப் பொருத்துவது, டிஸ்ப்ளே ஒட்டுவது, டெஸ்ட், பேக்கிங். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இத்தனை விநாடி என்று கணக்கு உண்டு. பல இடங்களில் ஷிப்ட் முழுக்க நின்றபடிதான் வேலை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைன் லீடரிடம் சொல்லி, ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நகர முடியும். ரிலீவர் குறைவாக இருக்கும் நாளில் தண்ணீர் குடிக்கவே பிள்ளைகள் யோசிப்பார்கள். எனக்கு இன்றும் கோபம் வரும் விஷயம் இது. நைட் ஷிப்ட் வாரத்தில் உடம்பு பழகுவதற்குள் ஷிப்ட் மாறிவிடும்.

எஸ்.எம்.டி. வேறு உலகம். வெறும் போர்டில் சால்டர் பேஸ்ட் என்ற உலோகப் பசையை அச்சடித்து, பாகங்களை மெஷின் வைத்து, ஓவனில் உருக்கி எடுக்கும் பகுதி. 0.4 மில்லிமீட்டர் நீளம், 0.2 மில்லிமீட்டர் அகலம் உள்ள கெபாசிட்டரைக்கூட மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் வைத்துவிடும். அந்த மெஷினுக்குப் பின்னால் இருப்பது கவனமாக வேலை செய்யும் ஆட்கள். சால்டர் பேஸ்ட் டப்பாவை ஃப்ரிட்ஜில் பத்து டிகிரிக்குக் கீழே வைத்திருப்போம். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது, நாலு மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். லைன் நிற்கிறதே என்று அவசரப்பட்டுத் திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த பேஸ்ட்டில் படிந்துவிடும். ஓவனுக்குள் அந்த ஈரம் ஆவியாகும்போது பேஸ்ட் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தெறிக்கும். ஓர் உருண்டை இரண்டு பின்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் போதும், ஷார்ட். ஈயம் இல்லாத சால்டர் 217 டிகிரியில் உருகும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஓவனின் ஒவ்வொரு ஜோனுக்கும் ஏன் வேறு வேறு வெப்பம் வைக்கிறார்கள் என்று அங்கே நின்று பார்த்த பிறகுதான் விளங்கியது.

உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடக் கையில் கட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பையும் சொல்ல வேண்டும். நம் உடம்பிலிருந்து ஸ்டாட்டிக் பாய்வதை நாமே உணர மூவாயிரம் வோல்ட் அளவுக்காவது தேவை. சில சிப்கள் நூறு வோல்ட்டுக்குள்ளேயே கெட்டுவிடும். அதுவும் உடனே சாகாமல் டெஸ்ட்டில் பாஸாகி, வாங்கியவர் கையில் போய்ச் சாகும். யாரோ ஆறு மாதம் பணம் சேர்த்து வாங்கிய போன் அது. அதனால்தான் புதுப் பிள்ளைகளிடம் ஸ்ட்ராப் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, ரோல் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரண்டிஸா என்று ஆஃபர் லெட்டரிலேயே இருக்கும், நன்றாகப் படியுங்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுத்தால் கிடைப்பது உதவித்தொகைதான். பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், காலம் முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கற்றுக்கொள்ளப் போவதென்றால் அது தப்பில்லை, ஆனால் தெரிந்து போக வேண்டும். கான்ட்ராக்ட் என்றால் சம்பளம் போடுவது வேறு ஏஜென்சி. ஒரே லைனில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பெண்களின் பே ஸ்லிப் ஒன்றுபோல் இருக்காது.

இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு நோக்கியா மறக்காது. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கிய ஆலை, 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனது. மைக்ரோசாஃப்ட் அந்த போன் வியாபாரத்தை வாங்கியபோது, வரி வழக்கில் மாட்டியிருந்த இந்த ஆலை கைமாறவில்லை. லைனில் நின்றவர்களின் வேலையில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் வேலை போனது. எனக்கு மெஷின் சொல்லிக்கொடுத்த அக்கா அங்கிருந்து வந்தவர்தான். எஸ்.எம்.டி. தெரிந்ததால் அவருக்கு அடுத்த வேலை சீக்கிரம் கிடைத்தது. அசெம்பிளியில் கூட இருந்த தோழிகள் பலர் ஊருக்கே திரும்பிவிட்டதாகச் சொல்வார். அதனால்தான் தங்கை அசெம்பிளியில் சேர்ந்தாலும், ஒரு வருடத்துக்குள் டெஸ்டிங்குக்கோ, பழுதான போர்டைச் சரிசெய்யும் ரீவொர்க்குக்கோ, எஸ்.எம்.டி.க்கோ மாற்றல் கேட்கட்டும் என்கிறேன். டிப்ளமோ படித்த பிள்ளை கேட்டால் தருவார்கள். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

ஹாஸ்டலை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் உடம்பு கெட்டுப்போன பிரச்சினையில் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையையே மறித்தார்கள். அதற்கப்புறம் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. இருந்தாலும் ஓர் அறையில் எத்தனை பேர், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் எவ்வளவு பிடிப்பார்கள், நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்க முடியுமா என்று கேளுங்கள்.

ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டிப்புச் சம்பளம். முதல் மாதச் சம்பளம் வந்ததும் பே ஸ்லிப்பில் அது சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணை வாங்கி, பி.எஃப். பணம் ஏறுகிறதா என்று பாஸ்புக்கிலும் பார்க்கட்டும். ஈ.எஸ்.ஐ. இருந்தால் அவளை நம்பியிருக்கும் அப்பா அம்மா பெயரையும் அப்போதே சேர்த்துவிடுங்கள்.