கேள்வி – பதில்: கொற்கையை விட்ட கடலும் பூம்புகாரைக் கொண்ட கடலும்

கேள்வி: பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. சோழரின் துறைமுகமான பூம்புகாரையோ கடல் கொண்டுவிட்டது என்கிறார்கள். இரண்டும் ஒரே மாநிலத்தின் கிழக்குக் கரைதானே? அப்படியானால் கடல் மட்டம் ஏறியதா, இறங்கியதா?
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: ஏறியது என்றோ இறங்கியது என்றோ ஒற்றை விடை சொன்னால், இந்த இரண்டு ஊர்களில் ஒன்றின் வரலாற்றை நாம் மறுக்க வேண்டியிருக்கும். கரை எங்கே நிற்கும் என்பதைக் கடலின் உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த இடத்துக்கு ஆறும் அலையும் எவ்வளவு மணலும் வண்டலும் கொண்டுவருகின்றன, எவ்வளவை எடுத்துச் செல்கின்றன என்ற வரவு செலவும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் இன்றைவிட அதிகப் பங்கு பனிப்பாளங்களாக உறைந்து கிடந்த காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரையாக இருந்தது. நம் ஆறுகள் இன்றைய கரையைத் தாண்டி நெடுந்தொலைவு ஓடி, பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு கடலில் கலந்தன. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தப் பள்ளத்தாக்குகளின் வாய்ப்பகுதிகள் மூழ்கிக் கழிகளாகவும் உப்பங்கழி ஏரிகளாகவும் மாறின. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் வெகுவாகத் தணிந்தது. உலகின் பெரிய டெல்டாக்கள் பலவும் வளரத் தொடங்கியது ஏறத்தாழ அந்தக் கட்டத்தில்தான், ஏனெனில் கடல் விரைந்து ஏறிக்கொண்டிருக்கும் வரை, ஆறு கொண்டுவந்து போடும் வண்டல் நீருக்கடியில் போய்க்கொண்டே இருக்கும், கரையாக நிலைபெறாது. கொற்கையும் பூம்புகாரும் துறைமுகங்களாக விளங்கிய காலம் இந்தத் தணிவுக்கு வெகு பிந்தையது. ஆகவே அவற்றின் விதியைப் பனியுகக் கடல் ஏற்றத்தின் தலையில் கட்ட முடியாது.

கொற்கை தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. மன்னார் வளைகுடாவின் அந்தக் கரைக்கு இலங்கை ஓரளவு அரணாக நிற்பதால், வங்கக் கடலின் பேரலைகள் அங்கே முழு வலிமையோடு வந்து மோதுவதில்லை. எனவே ஆறு இறக்கிய வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிக் கழியைத் தூர்த்தது, கரை கிழக்கே நகர்ந்தது, துறைமுகமும் அதன் பின்னே போனது. கொற்கைக்குப் பின் பழையகாயல் துறைமுகமாகத் தழைத்தது. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் அதுவே என்று 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அடையாளம் கண்டார். இன்று பழையகாயலும் கரையில் இல்லை. கடல் பின்வாங்கியதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் நிலம்தான் முன்னே சென்றது.

பூம்புகாரின் நிலை இதற்கு நேர்மாறானது. காவிரியின் வெள்ளமும் அது சுமக்கும் மணலும் காலப்போக்கில் பெரும்பாலும் கொள்ளிடத்தின் வழியே போகத் தொடங்கிவிட்டன. ஆற்றின் போக்கு கொள்ளிடத்தின் பக்கம் எவ்வளவு வலுத்துவிட்டது என்பதற்கு, காவிரிக்கு நீர் குறையாமல் காக்க 1836இல் முக்கொம்பில் மேலணை கட்ட நேர்ந்ததே சான்று. பூம்புகாரில் இன்று கடலில் சேரும் காவிரியைப் பார்ப்பவர்கள், இந்தச் சிற்றாறா அவ்வளவு பெரிய துறைமுகத்தைத் தாங்கியது என்று வியப்பார்கள். வரவு இப்படிக் குறைந்துபோன கரை, வங்கக் கடலின் புயல்களுக்கும் வடகிழக்குப் பருவக்காற்றின் அலைகளுக்கும் நேர் எதிரே நிற்கிறது. போதாததற்கு, டெல்டாவின் அடியில் உள்ள களிமண் தன் எடையாலேயே இறுகித் தாழ்ந்துகொண்டும் இருக்கிறது.

புகாரைக் கடல் கொண்டதை ஒரே நாளில் நேர்ந்த அழிவாக மணிமேகலை காட்டுகிறது. புயலோ ஆழிப்பேரலையோ ஒரு பேரிடியைத் தந்திருக்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பேரலை மட்டும் வந்து போயிருந்தால், நீர் வடிந்த பின் நிலம் திரும்பக் கிடைத்திருக்கும். நிலமே போய்விட்டது என்றால், அங்கே நெடுங்கால அரிப்பும் நடந்திருக்க வேண்டும். பூம்புகாரை அடுத்த கீழையூரில் தொல்லியல் துறை அகழ்ந்து கண்ட செங்கல் படகுத்துறை இன்றும் நிலத்தில்தான் இருக்கிறது. கரையோரக் கடலில் ஆய்வு செய்த தேசியக் கடலியல் நிறுவனமோ ஆழம் குறைந்த பகுதிகளில் கட்டுமான எச்சங்களைக் கண்டது. படிப்படியான இந்த அரிப்பை நேரில் காண விரும்புவோர் சற்றுத் தெற்கே தரங்கம்பாடிக்குப் போகலாம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில், முன்பகுதிகளை ஒவ்வொன்றாகக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது.

கேள்வி: பாம்பன், ராமேஸ்வரம் பகுதியில் அலை எட்டாத உயரத்திலும் பவளப்பாறை தெரிகிறதே, தீவு மேலே எழுந்ததா?
– வாசகர், பரமக்குடி

பதில்: நிலம் சிறிது எழுந்திருக்கக் கூடும் என்றாலும், கடல் இறங்கியதே முதன்மையான விளக்கம். பனி உருகி முடிந்த பின், சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன், வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஓரிரு மீட்டர் உயர்ந்து நின்றது. பிறகு புதிதாகச் சேர்ந்த நீரின் எடையால் கடல் தளம் சற்றே அமிழ்ந்தது; பழைய பனிப்பாளங்களைச் சுற்றிப் புடைத்திருந்த நிலப்பகுதிகளும் தாழ, நீர் அந்தப் பக்கம் ஈர்க்கப்பட்டது. நம் பக்கம் மட்டம் இறங்கியது. பவளம் நீருக்குள்தான் வளரும் என்பதால், காய்ந்து நிற்கும் அந்தப் பாறையே முன்பு நீர் எட்டிய உயரத்துக்குச் சாட்சி. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை அடுக்கடுக்காகக் கிடக்கும் மணல்மேடுகளும் இத்தகைய சாட்சிகளே: ஒவ்வொரு மேடும் ஒரு பழைய கரை, இடையிலுள்ள தாழ்வு கரை அடுத்த இடத்துக்குத் தாவியபோது விடுபட்ட இடம்.

கேள்வி: எங்கள் ஊருக்குத் தெற்கே தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) அமைத்த பிறகு, வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இடமில்லாமல் கரை கரைந்துவிட்டது. கடல் மட்ட உயர்வே காரணம் என்கிறார்கள். சரியா?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. சரிவு குறைந்த மணற்கரை, கடல் ஏறும் உயரத்தைப் போல் 50 முதல் 100 மடங்கு பின்வாங்கும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராய விதி. அதன்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை கரை இழக்கலாம். உங்கள் ஊர் ஆண்டுக்குப் பல மீட்டர் இழக்கிறது என்றால், முதன்மையான காரணம் வேறு.

நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுவதும் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது திரும்பினாலும், ஆண்டின் நிகர ஓட்டம் வடக்கேதான். குறுக்கே ஒரு கல்வரிசை நின்றால், தெற்கில் மணல் சேரும், வடக்கில் பட்டினி. சென்னைத் துறைமுகச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டதும் இதே விதியால்தான். புதுச்சேரியிலும் 1980களின் பிற்பகுதியில் துறைமுகம் அமைந்தபின் நகரக் கரையில் மணல் மறைந்தது. அண்மை ஆண்டுகளில் நீருக்கடியில் தடுப்பு அமைத்தும், முகத்துவாரத்தில் தோண்டிய மணலைக் கொட்டியும் ஒரு பகுதியை மீட்டார்கள். கற்களைக் கொட்டுவதால் உங்கள் தெரு தப்பலாம், ஆனால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்க வேண்டும் என்று கேட்பதே நியாயமான கோரிக்கை.

கடல் மட்ட உயர்வு பொய் என்று இதற்குப் பொருளல்ல. மணல் வரவு ஏற்கெனவே அறுந்த கரையில் அது சுமையைக் கூட்டுகிறது. அதிகாரிகளிடம் முறையிடுமுன், அசையாத ஓர் இடத்திலிருந்து, கோயில் மதிலோ பள்ளிச் சுவரோ எதுவானாலும், உயர் ஓதக் கோடு வரை, அதாவது ஓதத்தின்போது நீர் ஏறும் மேல் எல்லை வரை, அளந்து குறித்துவையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அலை எடுத்துச் செல்லும் மணலில் ஒரு பகுதி கோடையில் திரும்பிவிடுவதால், டிசம்பர் அளவை மே மாத அளவோடு ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.